இராசபாளையம் நாய்க்கு ஏற்ற தரை

விமானத்திற்குத்தான் ஓடுபாதை உண்டு என்று நினைத்துவிட வேண்டாம், நாய்க்கும் உண்டு. நம் ஊரின் பெயரைத் தாங்கிய வெண்ணிற நாயின் உருவத்தை 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் வெளியிட்டது. அது வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனமாதலின் நாள்தோறும் ஓடியாக வேண்டும்.

அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளில் அதனை அவிழ்த்துவிடும் வழக்கம் நன்றன்று. அங்குள்ள மலைக்காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளையும் தாக்கும். 2018இல் கிர் காட்டில் இறந்த சிங்கங்கள் சிலவற்றில் இந்நோயின் கிருமி காணப்பட்டது. ஆகவே வீட்டுக் கொல்லையில் வேலியிட்ட ஓடுபாதை அமைப்பதே சிலாக்கியம். அதற்குத் தரை எது?

மொசைக்கும் டைல்ஸும் பார்வைக்கு அழகு, ஆனால் வேண்டவே வேண்டாம். வழுக்கும் தரையில் குட்டிகளின் கால்கள் அகன்று விரியும். வளர்ந்த நாய் திரும்பும்போது மூட்டுப் பிசகும்.

ஆற்றுமணல் மெத்தென்றிருக்குமே என்பர் சிலர். காப்பகத்தின் ஆற்றில் மணல் அள்ளலாகாது என்பது ஒருபுறமிருக்க, ஈரமணலே கொக்கிப்புழுவுக்கு மிகவும் உகந்த இடம். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கவல்ல இளம்புழுவாகிறது. வெறுங்காலுடன் விளையாடும் நம் தம்பி தங்கையரின் பாதத்திலும் அது நுழைந்து, நெளிநெளியான அரிப்புத் தடங்களை உண்டாக்கும்.

சிமெண்டுத் தளத்தைக் கழுவலாம். வெயிலில் விரைவில் உலரும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து, ஈரம் காயுமுன் விளக்குமாற்றால் இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு பாத்தி கட்டி ஏழு நாளேனும் தண்ணீர் நிறுத்த வேண்டும். (இதில் அவசரப்படுவோர் பலர், தளம் பொடிந்த பின் கொத்தனாரைக் குறை கூறுவர்!) எனினும் கடினமான தரையிலேயே நாளெல்லாம் படுக்கும் நாய்க்கு முழங்கையில் தோல் தடித்துக் காய்த்துவிடும். நம் சித்திரை வெயிலிலோ பாதம் கொப்புளிக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிடில் நாயையும் அங்கு விடலாகாது.

ஓடுவதற்கு நல்லது இறுகத் திமிசுபோட்ட செம்மண்ணே. கால் பிடிமானம் கொள்ளும், அதிர்ச்சியைத் தாங்கும். மண்ணிலும் புழு வருமே என்றால், முட்டை புழுவாகி வலுப்பெற நாட்கள் தேவை என்று கண்டோம் அல்லவா? அன்றாடம் மலத்தை அள்ளிவிட்டால் அதற்கு அவகாசமில்லை. எனவே கூண்டின் முன்புறம் பத்தடிக்குச் சிமெண்டு, அப்பால் செம்மண், நடுவே நிழல்தரும் ஒரு வேப்பமரம் என அமைப்பதையே நாங்கள் விரும்புவோம். அள்ளுவதற்கு ஆளில்லாத வீட்டினர் முழுவதும் சிமெண்டு போட்டு, படுக்க மரப்பலகை இடலாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. பார்வோ நோய்க் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அந்நோயில் குட்டி இறந்த வீட்டினர், அடுத்த குட்டிக்குத் தடுப்பூசிகள் முடியும்வரை அதனை மண்ணில் விடாது, பிளீச்சிங் கரைசலால் கழுவிய சிமெண்டின்மீதே வைத்திருக்க வேண்டும்.