மனப்பதற்றமும் மளிகை வியாபாரமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் சம்பளம் நாலு நாள் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் உறுப்பினர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிலாளியின் பற்று மளிகைக்கடை நோட்டில் ஏறும். மளிகைக்காரர் மொத்தக் கடைக்குத் தரவேண்டிய பணம் நிற்கும். மொத்தக் கடைக்காரர் செங்குன்றம் அரிசி மண்டிக்குக் கொடுத்த செக் ஆட்டம் காணும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, மே மாதத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பியபோது, பல கடைகளின் பற்று நோட்டுகள் அப்படியே நின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருப்பவருக்குத் தூக்கம் கெடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கவலை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

எதிரே பாம்பைக் கண்டால் மூளை உடனே உடலை உஷார்ப்படுத்துகிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஈரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது, ஜீரண வேலை மந்தமாகிறது. ஓடித் தப்புவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. மூளைக்குப் பாம்பும் ஒன்றுதான், பாக்கிக்காரரின் போனும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், நாம் ஓடுவதில்லை, கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறோம். இது மாதக்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பும் அதிகமாகிறது. ரத்த அழுத்தம் ஏறலாம், சர்க்கரை நோயாளிக்கு அளவு கட்டுப்படாமல் போகலாம். வயிற்றெரிச்சல், கழுத்து வலி, மறதி எல்லாம் சேர்ந்து வரும். எடை போடும்போது கணக்குத் தவறுவதும், பழைய வாடிக்கைக்காரரிடம் எரிந்து விழுவதும் இதனால்தான் என்று பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ, ‘வாயு’ என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். ‘வெறும் டென்ஷன்’ என்றும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் கை நடுக்கமும் வரும். இவை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே மனப்பதற்றம் என்று கொள்ளலாம்.

பதற்றத்தைக் குறைக்க என் அனுபவத்தில் கண்ட முதல் வழி, பயத்துக்குத் தொகையும் தேதியும் போட்டு எழுதுவது. செக் திரும்பினால் மறுநாளே போலீஸ் வந்துவிடும் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படி இல்லை. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் வரவேண்டியவர் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தபின் பணத்தைக் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அதற்கும் கட்டாவிட்டால்தான் கோர்ட்டில் புகார். ஜி.எஸ்.டி. 3பி கணக்கு தாமதமானாலும் அப்படியே. நாளொன்றுக்கு 50 ரூபாய், வரவுசெலவு இல்லாத மாதமானால் 20 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவருக்கு ஒரு கணக்குக்கு 2,000 ரூபாய்க்கு மேல் தாமதக் கட்டணம் இல்லை. வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. கசப்பான தொகைதான், ஆனாலும் அளவு தெரிந்த தொகை.

அமெரிக்க உளவியல் அறிஞர் தாமஸ் போர்கோவெக் 1983-இல் ஒரு முறையை எழுதினார். கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த அரைமணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். நமக்கு இது புதிதல்ல. கொள்முதலுக்கும் வசூலுக்கும் நேரம் வைத்திருப்பவர்கள்தானே! மாலை வியாபாரம் சூடுபிடிக்கும் முன் ஒரு நோட்டுடன் உட்காரலாம். படுக்கப் போகும் நேரம் மட்டும் கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் பாக்கி கேட்டுப் போன் செய்யும் மொத்த வியாபாரிகளின் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. கல்லா கட்டிய பிறகு பணம் வரப்போவதில்லை. அவர் தூக்கம்தான் போகும்.

படபடப்பு வரும் நேரத்தில் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்குவதை உணரலாம். காலையில் அரைமணி நடை நல்லது. கடையில் வருகிறவர் போகிறவரோடெல்லாம் டீ குடித்தால் எட்டு பத்து ஆகிவிடும். அதிலுள்ள கஃபீன் படபடப்பைக் கூட்டும். மது அன்றிரவு மயக்கும், விடியும் முன் பதற்றத்தோடு எழுப்பிவிடும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவது இதைவிட ஆபத்து. பழகிவிட்டால் விடுவது கடினம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டாக்டரிடம் போக வேண்டும். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டரிடம் போனால் ‘பைத்தியம்’ என்பார்கள், கடன் தரமாட்டார்கள் என்று அஞ்சுகிறோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு யாராவது சரக்குக் கொடுக்காமல் இருக்கிறார்களா?

பக்கத்துக் கடைக்காரர் சில நாளாக ஷட்டரைத் தாமதமாகத் திறக்கிறார், போனை எடுப்பதில்லை, ‘இனி எதற்கு’ என்று பேசுகிறார் என்றால் அன்றே போய்ப் பாருங்கள். மனசில் விபரீத எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் வீட்டாருக்குச் சொல்லி, நீங்களே உடன் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு அவர் தரவேண்டிய பாக்கி இருந்தால், அதைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.