திரைக்குப் பின்னே நிற்பவர்

தொலைக்காட்சியில் ஓர் ஊரைக் காணும்போது, அவ்வூரே நம் முன் வந்து நிற்பதாக எண்ணி மகிழ்கிறோம். ஆயின், எதைப் படம் பிடிப்பது, யாரைப் பேசவிடுவது, பேச்சை எவ்விடத்தில் வெட்டுவது என்பனவற்றை முடிவு செய்பவர் தயாரிப்பாளரேயாவார். ஒருவர் ஒரு மணி நேரம் பேசினும், ஒளிபரப்பாவது அரை நிமிடமே. அந்த அரை நிமிடத்தைக் கொண்டே உலகம் அவரை அறிகிறது.

இப்பொறுப்பை உணர்ந்து பணியாற்றியோர் நம் நாட்டிலேயே இருந்தனர். குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் சிற்றூரில், 1975-ஆம் ஆண்டு சிறியதோர் ஒளிபரப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் அதற்கென நிகழ்ச்சிகளைத் தயாரித்தனர். பள்ளி, ஊராட்சிக் கட்டடம், பால் கூட்டுறவுச் சங்கம் போன்ற பொதுவிடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலை வேளையில் ஊரார் ஒன்றுகூடிக் கண்டனர்.

அவர்கள் கையாண்ட முறையே நம் கருத்துக்குரியது. நிகழ்ச்சியை எழுதுமுன் கிராமங்களுக்குச் சென்று மக்களின் குறைகளைக் கேட்டறிந்தனர். ஒளிபரப்பிய பின்னரும் சென்று, அது பயன்பட்டதா என வினவினர். தீண்டாமை, குடிப்பழக்கம், குறைந்தபட்சக் கூலி ஆகியன பொருளாயின. அம்மாவட்டத்துப் பேச்சு வழக்கே மொழியாயிற்று. கிராமத்தாரும் நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர். 1984-இல் இத்திட்டம் ஊரகத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசைப் பெற்றது.

கூலிப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். நிலமுடையார் வீட்டுத் திண்ணையிலிருந்து படம் பிடித்தால், "ஆள் கிடைப்பதில்லை" என்பதே கதையாகும். உழைப்பாளியின் குடிசை வாயிலிலிருந்து பிடித்தால், "கூலி போதவில்லை" என்பது கதையாகும். இரண்டிலும் பொய் இராது. எனினும், காண்போரின் உள்ளம் எப்பக்கம் சாயும் என்பதைப் படக்கருவி நிற்குமிடம் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் பொங்கல் விழாவுக்கு உள்ளூர்த் தொலைக்காட்சியினர் வருவராயின், கோலமும் பட்டுப்புடவையும் அவர்கள் கண்ணுக்கு எளிதில் படும். நம் குழந்தைகள் தமிழ் பயில வகுப்பு வேண்டும் என்னும் கோரிக்கை கண்ணுக்குத் தெரியும் பொருளன்று; அதை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். ஆகவே, சொல்லவேண்டியதை முன்னரே கூடி முடிவு செய்வோம். அதை அரை நிமிடத்துக்குள், அவ்வூர் மொழியிலேயே தெளிவுறச் சொல்ல வல்ல ஒருவரை, நம் மகளிருள்ளோ இளைஞருள்ளோ தேர்ந்து ஆயத்தமாக வைப்போம்.