புடவைத் துண்டுகளுக்குச் சுவரில் ஓர் இடம்: தைப்பதற்கு முன் அடுக்கிப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி

அம்மாவோ பாட்டியோ விட்டுச் சென்ற புடவைகள் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டிலேயே கிடக்கின்றன. கட்டவும் முடியாது, தூக்கிப்போடவும் மனம் வராது. அவற்றைத் துண்டுகளாக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைப்பது ஒரு வழி. ஆங்கிலத்தில் ‘குவில்ட்’ என்கிறார்கள். தமிழில் ஒட்டுத்துணிப் போர்வை என்று சொன்னால் புரியும்.

ஆனால், புடவையை ஒருமுறைதான் வெட்ட முடியும். எந்தத் துண்டு எதன் பக்கத்தில் வரவேண்டும் என்று முடிவெடுக்காமல் தைக்க உட்கார்ந்தால், பாதி வழியில் பச்சையெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருப்பது தெரியவரும். கோலத்தில் இழை தவறினால் அழித்துவிட்டுப் போடலாம். பழைய பட்டில் போட்ட தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். நைந்த இடமாக இருந்தால் கிழிந்தே போகும். கடையில் போய் அதே புடவையை வாங்கி வர முடியாது.

அதனால்தான் தையலில் பழகியவர்கள் துண்டுகளை முதலில் ஒரு சுவரில் ஒட்டி வைத்துப் பார்க்கிறார்கள். ‘டிசைன் வால்’ என்பது அவர்கள் வைத்த பெயர். தமிழில் ‘அடுக்குச் சுவர்’ என்று அழைத்துக்கொள்வோம். இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தரையில் பரப்பினால் போதாதா என்று கேட்கலாம். வீவக வீட்டின் கூடத்தில் ஒரு போர்வை அளவுக்குத் துணியைப் பரப்பினால் வீட்டில் இருப்பவர்கள் எப்படி நடப்பது? கட்டிலில் பரப்பினால் இரவு எடுத்தாக வேண்டும். இடம் இருந்தாலும் இன்னொரு குறை உண்டு. தரையில் இருப்பதைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். காலடியில் இருக்கும் துண்டு பெரிதாகவும் எதிர்முனையில் இருப்பது சிறிதாகவும் தெரியும். நிமிர்த்தி நிறுத்தினால்தான் முழு அமைப்பும் ஒரே பார்வையில் பிடிபடும்.

பலரின் கையில் உருவான துண்டுகளை ஒன்றாக்கும்போது இந்த வேலை இன்னும் கடினம். சிங்கப்பூர் வரலாற்றிலேயே அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1942ல் ஜப்பானியர் ஆட்சியின்போது சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைத்தார்கள். எத்தல் மல்வனி என்ற கனடியப் பெண்மணி இந்த வேலையை முன்னின்று நடத்தினார். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன்னைப் பற்றி ஏதாவது பதிக்க வேண்டும். பூ, வீடு, கப்பல், பெயர் என்று ஊசியால் வரைந்தார்கள். பிரிக்கப்பட்டிருந்த கணவன்மார்களுக்கு, “உயிரோடு இருக்கிறோம்” என்று சொல்லும் வழியாகவும் அது இருந்தது. காயமடைந்த ஜப்பானிய வீரர்களுக்கு என்று ஒன்று, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு என்று மற்ற இரண்டு. இன்று இரண்டு போர்வைகள் கேன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன; மற்றொன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. தனித்தனியாகத் தைத்த 66 சதுரங்களையும் எந்த வரிசையில் வைப்பது என்று அந்த நெருக்கடியிலும் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். படங்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது.

நம் வீட்டுக்கு வருவோம். அடுக்குச் சுவருக்கு வேண்டிய முதல் பொருள் ஃபிளானல் துணி. அதன் மேற்பரப்பில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் இருக்கும். பருத்தித் துண்டை அதன்மேல் வைத்துக் கையால் தடவினால் இழையும் இழையும் பற்றிக்கொள்ளும். பசை தேவையில்லை. துணி பெரும்பாலும் 110 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வாங்கிப் பக்கவாட்டில் இணைத்தால், ஒற்றைக் கட்டில் போர்வையை முழுதாக அடுக்கப் போதுமான அகலம் கிடைத்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம் நல்லது. பூப்போட்ட துணி கண்ணைக் குழப்பும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. அக்கம்பக்கக் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் மேசைவிரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றின் அடிப்பக்கம் பஞ்சுபோல் இருக்கும். அந்தப் பக்கத்தை வெளியே காட்டித் தொங்கவிட்டால் அதுவே அடுக்குச் சுவர். வாங்குமுன் ஒரு சிறு பருத்தித் துண்டை வைத்துத் தடவி, விரிப்பைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். விழாமல் நின்றால் வாங்கலாம்.

தொங்கவிடுவதற்குச் சுவரில் துளை போட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துணியின் மேல்விளிம்பை மடித்துக் குழல்போலத் தைத்து, துணி காயப்போடும் மூங்கில் கழியை அதற்குள் நுழையுங்கள். கழியின் இரு முனைகளையும் பழுதின்றிக் கழற்றக்கூடிய ஒட்டுக் கொக்கிகளில் மாட்டலாம், அல்லது உயரமான துணி உலர்த்தும் நிலையில் வைக்கலாம். வேலை முடிந்ததும் சுருட்டிக் கட்டில் அடியில் தள்ளிவிடலாம். சிறிய வீட்டுக்கு இதுதான் ஏற்றது என்பது என் கருத்து.

புதிய வீவக வீடுகளில் வீட்டுப் புகலிட அறையின் கதவு எஃகால் ஆனது. அதில் துளை போடக்கூடாது. ஆனால், ஒரு ஃபிளானல் துண்டைக் காந்தங்களால் அதில் நிறுத்தி வைக்கலாம். முழுப் போர்வைக்குக் கதவின் அகலம் போதாது; நான்கைந்து சதுரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளம்.

பலகையாகவே வேண்டும் என்பவர்கள் லேசான நுரைப் பலகையின்மேல் ஃபிளானலை இழுத்துப் பின்பக்கம் ஒட்டலாம். அட்டையைத் தவிர்ப்பது நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது வளைந்து பூசணம் பிடிக்கும். அந்தக் கறை புடவைக்கும் ஏறும். நுரைப் பலகை எளிதில் தீப்பற்றும் என்பதால் பூசை மாடத்து விளக்கு, ஊதுபத்தி அருகே அதை வைக்கவே வேண்டாம்.

இந்த ஊரில் அடுக்குச் சுவருக்குப் பெரிய எதிரி மின்விசிறி. ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து அடுக்கியதை மூன்றாம் எண்ணில் சுழலும் விசிறி ஒரு நொடியில் கூடத்தில் இறைத்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டு இந்த வெயிலில் உட்காரவும் முடியாது. எனவே ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் ஒரு குண்டூசியைச் சாய்வாகக் குத்திவிடுங்கள். பட்டு, பாலியெஸ்டர், சரிகைக் கரை ஆகியவை ஃபிளானலில் வழுக்கும் என்பதால் அவற்றுக்கு ஊசி கட்டாயம் வேண்டும். மெல்லிய பட்டின் பின்புறம், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் உள்துணியை வைத்த பிறகு வெட்டினால் நூல் பிரியாது. தையற்காரர்கள் அதை ‘ஃபியூசிங்’ என்பார்கள். சாயம் போகும் சுங்குடி போன்றவற்றை வெட்டுமுன் துவைத்துவிடுங்கள்.

கையில் புடவையே இல்லாதவர்கள் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள தையற்கடைகளில் ரவிக்கை வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுக்கிய பிறகு இரண்டு, மூன்று மீட்டர் பின்னால் நின்று பாருங்கள். அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக மங்கினால் அங்கே அமைப்பு எடுபடாது. இடையில் ஒரு வெளிர்நிறத் துண்டை நுழையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுத்து வைத்தால், “நேற்று வைத்ததே நன்றாக இருந்தது” என்று தோன்றும்போது திரும்பிப் போக வழி இருக்கும்.

அவசரப்பட வேண்டாம். இரண்டு நாள் தொங்கட்டும். போகவும் வரவும் வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். “இது பாட்டியின் கல்யாணப் புடவையாச்சே, ஏன் ஓரத்தில் வைத்தாய்?” என்று யாராவது கேட்டால் அப்போதும் இடம் மாற்றலாம்.

முடிவானதும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண்ணைத் தாள்நாடாவில் எழுதி, இடது ஓரத்துத் துண்டில் ஒட்டுங்கள். பிறகு மேல்வரிசையை மட்டும் எடுத்துத் தையுங்கள். தைத்ததை அதே இடத்தில் திரும்ப மாட்டிவிட்டு, அடுத்த வரிசைக்குப் போகலாம்.