மாயலோகத்தில் மூன்று வாரம்
(நமது நிருபர்)

தர்மபுரியில் பென்னாகரம் பஸ் ஏறினால், பக்கத்தில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஒக்கேனக்கல் அருவிக்குப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். எண்ணெய்க் குளியலைப் பற்றியும் மீன் வறுவலைப் பற்றியுமே பேச்சாக இருக்கும். நடுவழியில் இண்டூரில் நான் இறங்குவதற்காக எழுந்தபோது, "இங்கே என்ன சார் இருக்கிறது, பார்ப்பதற்கு?" என்று ஒருவர் மிகுந்த பரிதாபத்துடன் கேட்டார்.

"ஒரு மாயலோகம் இருக்கிறது!" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்னது பொய்யல்ல. இண்டூரில் ஓட்டு வீடு ஒன்றில், தையல் மெஷினுக்கும் நெல் மூட்டைக்கும் நடுவே, ஐந்தங்குல அகலம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக்குள் அந்த மாயலோகம் இருக்கிறது. அங்கே காற்றாடி யந்திரங்கள் சுழல்கின்றன. சிறகு விரித்து மலையிலிருந்து குதிக்கலாம். பூதங்களோடு சண்டை போடலாம். களைத்துப்போனால் அடுப்பு மூட்டிச் சமைக்கவும் செய்யலாம். அதற்குப் பெயர் 'ஜென்ஷின் இம்பாக்ட்'.

உலகத்துக்கு அது அறிமுகமானது 2020-ஆம் வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி. இந்த வீட்டுக்கு அது வந்து மூன்றே வாரம் ஆகிறது. ஆகையால் இவர்களைப் பொறுத்தவரை ஆட்டம் புதிசுதான். புது மருமகளைப் பற்றி முதல் மாதத்தில் சொல்லுகிற அபிப்பிராயத்துக்கு ஒரு தனிச் சுவை உண்டு அல்லவா? அதைக் கேட்கத்தான் நான் போனேன்.

பறிக்கப் போனவள் பிடித்துக்கொண்டாள்

வீட்டில் ஐந்து பேர். திண்ணையில் தாத்தா. புளி வியாபாரத்துக்காக அலைகிற அப்பா. ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிற அம்மா. கல்லூரியில் படிக்கிற பெண். பதினோராம் வகுப்புப் பையன். ஆறாவது ஆசாமி பெங்களூரில் இருக்கிறான். அவன்தான் மூத்த மகன். இந்த வம்பை ஆரம்பித்து வைத்தவனும் அவனே.

"தங்கச்சிக்கும் தம்பிக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான்" என்று அம்மாள் ஆரம்பித்தார். "ரெண்டு நாள் பார்த்தேன். மூணாம் நாள் போனைப் பிடுங்கிப் பீரோவிலே வைத்துப் பூட்டலாம் என்று போனேன். பெண், 'அம்மா, ஒரே நிமிஷம் பாரேன்' என்றாள். பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை!"

பிறகு தான் செய்த காரியத்தையும் அவரே விளக்கினார். "என்ன ஏது என்று தெரியாமல் பறித்தால், நான் இல்லாத நேரத்தில் ஆடுவார்கள். தெரிந்துகொண்டு சொன்னால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பிருக்கும் இல்லையா? அதனால் நானே ஆடிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்."

எத்தனை தாய்மார்களுக்கு இந்தத் தைரியம் வரும், சொல்லுங்கள்!

வேஷம் கட்டுவது நமக்குப் புதிதா?

இந்த ஜாதி ஆட்டத்துக்கு 'வேஷமேற்று ஆடும் ஆட்டம்' என்று பெயர் வைக்கலாம். அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், தாயக்கட்டை இவைதான் சாமான்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேஷமேற்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் கம்ப்யூட்டருக்குள் அப்படியொரு உலகத்தைப் படைத்தார்கள். அதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான்! தனித்தனி யந்திரத்தின் முன்னால் இருப்பவர்கள் ஒரே குகைக்குள் சந்தித்துக்கொண்டார்கள். அதன் பேரன்கள்தான் இன்றைய ஆட்டங்கள்.

இதையெல்லாம் நான் தாத்தாவிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்போ கூத்துன்னு சொல்லுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தர்மபுரி ஜில்லாவில் பாரதக் கூத்தைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாகப் படுகளத்தில் கிடப்பான். தாத்தா வாலிபத்தில் சுற்றுவட்டாரத்தில் வேஷம் கட்டியவராம்.

பேத்தி ஆட்டத்தைக் காட்டியபோது, கதாநாயகன் கூடவே பறந்து வந்து ஓயாமல் பேசும் ஒரு சின்னப் பெண் அவர் கண்ணில் பட்டாள். அவள் பெயர் பைமோன். நடந்த கதையைச் சொல்வது, வருகிறவர்களைப் பரிகாசம் செய்வது, சோற்றைக் கண்டால் வாயைப் பிளப்பது, இவைதான் அவள் வேலை. "அட, கட்டியக்காரன்!" என்று தாத்தா கைகொட்டிச் சிரித்தாராம். ஷாங்காயில் படைத்த பாத்திரத்துக்கு இண்டூர்த் திண்ணையில் சரியான பெயர் கிடைத்துவிட்டது.

மூவர் அபிப்பிராயம்

பார்ட்டில் 1996-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். இத்தகைய உலகங்களுக்கு வருகிறவர்களில் நான்கு வகை உண்டு என்பது அவர் முடிவு. ஜெயிக்க வருகிறவர்கள் ஒரு வகை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. பேசிப் பழக வருகிறவர்கள் மூன்றாம் வகை. பிறரை வதைத்து மகிழ வருகிறவர்கள் நாலாம் வகை. இந்த வீட்டில் முதல் மூன்றும் இருக்கின்றன. நாலாவதற்கு இடமில்லை, ஒரு ஆட்டக்காரர் இன்னொருவரை அடிக்க இந்த ஆட்டத்தின் பிரதான உலகத்தில் வழி கிடையாது.

பையன் முதல் வகை. "காற்று, கல், மின்னல், புல், தண்ணீர், நெருப்பு, பனி என்று ஏழு சக்தி சார். தண்ணியை ஊத்திட்டுப் பனியை விட்டால் எதிரி உறைந்து போவான். எது எதோடு சேரும் என்று தெரிந்தால்தான் ஜெயிக்கலாம்" என்கிறான். அவன் குறையெல்லாம் 'ரெசின்' என்ற ஒன்றைப் பற்றித்தான். சில பரிசுகளை எடுக்க அது செலவாகும். எட்டு நிமிஷத்துக்கு ஒன்று வீதம்தான் ஊறும். ஆட்டம் வெளிவந்தபோது அதன் உச்ச அளவு 120. பலரும் கூச்சல் போடவே முதலில் 160 ஆயிற்று. பிறகு 2024-ல் 200 ஆயிற்று. "அது ரேஷன் மாதிரி. அளந்து கொடுத்தால்தான் மிச்சம் வீடு நடக்கும்" என்று அம்மாள் அதற்குப் பரிந்து பேசினார்.

பெண்ணுக்குக் கதைதான் முக்கியம். இரட்டையர்களான அண்ணனும் தங்கையும் வேற்று உலகத்தில் பிரிந்துபோகிறார்கள். ஒருவர் மற்றவரைத் தேடி ஏழு தேசங்கள் வழியாகப் போவதுதான் கதை. பாத்திரங்கள் சீனம், ஆங்கிலம், ஜப்பான், கொரியா ஆகிய நாலு பாஷைகளில் பேசுகின்றன. தமிழ் இல்லை. ஆகையால் பெண் ஆங்கிலத்தில் படித்து, தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்கிறாள். "அகராதி பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது சார்" என்று சற்று வெட்கத்துடன் சொன்னாள்.

அம்மாள் சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை. "எனக்குச் சண்டையே வேண்டாம். மலை மேலே ஏறி நின்று பார்க்கணும். காற்றாடி சுற்றுகிற ஊர் ஒன்று இருக்கிறது பாருங்கள், அந்தப் பாட்டும் அந்த வெளிச்சமும்! நான் ஒக்கேனக்கல்லைத் தாண்டிப் போனதில்லை" என்றார். அடுத்தபடியாகச் சமையல். ஆப்பிள், காளான், முட்டை என்று வழியில் பொறுக்கிச் சமைக்கலாம். முள் ஒன்று நகரும், சரியான இடத்தில் நிறுத்தினால் பலகாரம் பக்குவம், தவறினால் தீய்ந்துவிடும். 2022-ல் சேர்த்த சுமேரு என்ற தேசத்தில் பிரியாணியும் உண்டாம். "அதுவரை போய்விட்டுத்தான் ஓய்வேன்" என்று சபதம் செய்திருக்கிறார்.

உலகம் என்ன சொல்லிற்று?

ஷாங்காயில் கல்லூரித் தோழர்கள் மூவர் 2012-ல் தொடங்கிய 'மிஹோயோ' கம்பெனியின் சிருஷ்டி இது. கொரோனாவுக்காக ஊரே அடங்கிக் கிடந்த 2020-ல் வெளிவந்தது. நம் நாட்டில் அதே மாதம் 2-ஆம் தேதிதான் பப்ஜி ஆட்டத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். போன், கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் மூன்றிலும் ஒரே நாளில், இலவசமாக வந்தது என்றால் பரபரப்புக்குக் கேட்க வேண்டுமா?

அழகையும் சங்கீதத்தையும் அநேகமாக எல்லாரும் புகழ்ந்தார்கள். 2017-ல் வந்த 'செல்டா' ஆட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்தது என்று ஒரு சாரார் குறை சொன்னார்கள். கூடி ஆடுவதற்குப் பதினாறாம் படிவரை தனியாகவே ஏறியாக வேண்டும் என்பதும் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குற்றச்சாட்டு வேறு. வாசகிகள் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

ஆயிரத்துக்கு ஆறு

ஆட்டம் இலவசம், ஆசை இலவசமல்ல! புதிய வீரர்களைப் பெற அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி ஒன்று உண்டு. ஒரு தடவை இழுக்க 160 ரத்தினங்கள். ஆடினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்; பொறுமை இல்லாவிட்டால் காசு கொடுத்தும் வாங்கலாம். உயர்ந்த ரகம் விழுவதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்கு 0.6. அதாவது ஆயிரத்துக்கு ஆறு! தொண்ணூறாவது தடவைக்குள் ஒன்று நிச்சயம் என்பது மட்டும் ஆறுதல்.

பையன் ஒரு நாள் அம்மாவிடம் மெதுவாகக் காசு கேட்டிருக்கிறான். அவர் திட்டவில்லை. சேர்ந்திருந்த ரத்தினங்களை வைத்துத் தானே இருபது தடவை இழுத்துப் பார்த்தார். விழுந்ததெல்லாம் பெரும்பாலும் கத்தியும் வில்லும்தான்.

"அப்போது ஒன்று தெரிந்தது சார்" என்றார் அம்மாள், குரலைத் தாழ்த்தி. "இன்னும் பத்துப் பார்க்கலாமே என்று என் விரலே போயிற்று. கடை அங்கேயே திறந்திருக்கிறது. சீட்டுப் பணம் கட்ட வைத்திருந்த காசு ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு நாற்பத்தாறு வயசு. எனக்கே கை துடிக்கிறது என்றால் பதினாறு வயசுப் பையனை என்ன சொல்வது? போனை வைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டேன்."

பிறகு மகனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். தொண்ணூறு தரம் 160 என்றால் 14,400 ரத்தினங்கள். பையன் வாயைத் திறக்கவில்லை.

நம் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டு 2003-ல் ஒழிந்தது. பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. இந்த ஆட்டத்திலோ பணத்தை எடுக்க வழியே இல்லை. போட மட்டும்தான் வழி! 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷன், அதிர்ஷ்ட வாய்ப்பையும் உண்மைச் செலவையும் பற்றிக் குழந்தைகளைத் திசைதிருப்பியதாக இந்த ஆட்டத்தின் வெளியீட்டாளர்கள்மீது குற்றம் சாட்டியது. அவர்கள் 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதமின்றிப் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இத்தகைய சீட்டு விற்காமலிருக்கவும் இசைந்தார்கள். அது அமெரிக்கக் குழந்தைகளுக்கு. இண்டூர்க் குழந்தைகளுக்கு அம்மாதான் கமிஷன்.

அந்தக் கமிஷன் மூன்று விதிகளைப் போட்டிருக்கிறது. பணம் அனுப்பும் வசதியுள்ள போனில் ஆட்டம் கிடையாது. இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டம் கிடையாது. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு பீரோதான்!

மரத்தடியில் மூவர்

"இவ்வளவு தொந்தரவு இருக்கிறதே, அடியோடு நிறுத்திவிடக்கூடாதா?" என்று கேட்டேன்.

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு ரவிக்கையின் கொக்கியைத் தைத்து முடித்துவிட்டுப் பேசினார். "பெரியவன் பெங்களூர் போய் மூணு வருஷம் ஆச்சு. போன் பண்ணினால், 'சாப்பிட்டியா?' என்பேன். 'சாப்பிட்டேன்' என்பான். அப்புறம் பேச்சில்லை. இப்போது தம்பி தங்கையோடு ஆடிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுகிறான். வேலையில் ஒருத்தன் படுத்துகிறது, மெஸ்ஸில் சோறு நன்றாக இல்லாதது எல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வராதவனுக்கு மரத்தைப் பார்த்துப் பேச வருகிறது."

சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் அந்தக் காட்சியைக் கண்டேன். பெண் கையில் ஒரு போன். பையன் கையில் அண்ணன் விட்டுப்போன பழைய போன். அம்மாவின் போனில் பெங்களூர்க் குரல். கண்ணாடிக்குள் பிரம்மாண்டமான ஒரு மரத்தடியில் மூன்று வீரர்கள் வாளோடு வந்து சேர்ந்தார்கள். மலைப்பக்கம் ஒரு பூதம் இவர்களுக்காகக் காத்திருந்தது.

"கிளம்பலாமா?" என்றான் அண்ணன்.

"இரு கண்ணு. சாப்பிட்டியா?" என்றார் அம்மாள்.

சற்று நேரம் பதிலே இல்லை. "இன்னும் இல்லேம்மா."

"போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. பூதம் எங்கே போகப் போகிறது? நாங்கள் மரத்தடியிலேயே இருக்கிறோம்."

அப்புறம் கால் மணி நேரம் அந்த வீட்டில் யாரும் எதையும் ஜெயிக்கவில்லை. மாயலோகத்தில் சூரியன் மெல்ல அஸ்தமித்தது. மூன்று வீரர்களும் மரத்தடியில் அசையாமல் நின்றார்கள். அவர்களில் ஒருவன், எங்கோ பெங்களூரில், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.