காலா, காசா, மருந்தா?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக் கடையில் உட்கார இடம் கிடைப்பது லேசான காரியம் அல்ல. சென்ற மாதம் அப்படி ஒரு நாள் இடம் பிடித்து உட்கார்ந்தபோது, பக்கத்து மேசையில் மூன்று பேர் ஒரு பெண்ணைப் பற்றிப் பலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வங்கிக் குமாஸ்தா. ஒருவர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தர்மபுரிக்காரர். மூன்றாமவர் துணிக்கடையில் வேலை பார்க்கும் திருச்சி இளைஞர்.

"கோமதி எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு சார். கஞ்சி குடிச்சு ஓடின பொண்ணு. மருந்து வாங்க அதுக்குக் காசு ஏது?" என்றார் இளைஞர்.

"நாலு தடவை எடுத்த மாதிரியிலேயும் இருந்ததுன்னு சொன்னாங்களே, தம்பி. நாலுமா பொய்?" என்றார் குமாஸ்தா.

லேத்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இல்லீங்க. வசதி இருக்கிறவன் ஜெயிச்சா திறமைன்னு சொல்றாங்க. நம்மள மாதிரி ஆளு ஜெயிச்சா மருந்துங்கிறாங்க. அவ்வளவுதான்."

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன விவகாரம் இன்னும் இட்லிக் கடையில் ஆறவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. கோமதி மாரிமுத்து திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்தவர் மட்டும் அல்ல. இதே பெங்களூருவில் வருமான வரித்துறையில் வேலை பார்த்தவர். ஊரில் பிறந்து இங்கே சம்பளம் வாங்கும் நம்மில் ஒருவர். ஆகவே அவரது வெற்றியும் நம் வீட்டு விசேஷம் போலிருந்தது. வீழ்ச்சியும் நம் வீட்டு அவமானம் போல் ஆயிற்று.

2019 ஏப்ரல் 22. கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஆசியத் தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் கோமதி சீனத்து வாங் சுன்யுவை முந்தினார். அவர் எடுத்த நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி, சீனப் பெண்ணுக்கு 2 நிமிடம் 2.96 விநாடி. வித்தியாசம் கால் விநாடி. அப்போது கோமதிக்கு வயது முப்பது.

அடுத்த நாளே தமிழ்நாடு முழுவதும் அவர் கதைதான். விவசாயக் கூலிக் குடும்பம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பஸ் பிடித்துத் திருச்சிக்குப் பயிற்சிக்குப் போன நாட்கள். மகளுக்குச் சோறு போதவேண்டும் என்று, மாட்டுக்கு வைத்திருந்ததைத் தந்தை உண்ட நாட்களும் உண்டு என்று அவரே சொன்னபோது கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அந்தத் தந்தை மகளின் தங்கத்தைப் பார்க்க இல்லை. 2016-ல் புற்றுநோயில் இறந்துவிட்டார். கட்சிகளும் நடிகர்களும் லட்சங்களாக அள்ளிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. மே மாதம் மூன்றாம் வாரத்தில் செய்தி வந்தது. மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற தசை வளர்ச்சி ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாம். மார்ச் 18 முதல் மே 17 வரை எடுத்த நான்கு மாதிரிகளிலும் அதுவே இருந்ததென்று உலகத் தடகள அமைப்பின் நேர்மைப் பிரிவு முடிவு செய்தது. நான்காண்டுத் தடை, 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை. தோஹா தங்கம் பறிபோயிற்று. தாம் ஒருபோதும் அத்தகைய மருந்தை உட்கொண்டதில்லை என்றே கோமதி சொல்லி வந்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் விவகாரத்தையும் இதையும் பலர் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். சாந்தியும் இதே தோஹாவில்தான், 2006 ஆசிய விளையாட்டில், இதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவர் பதக்கத்தைப் பறித்தது பாலினச் சோதனை. ஊக்கமருந்துப் புகார் அவர் மீது வந்ததே இல்லை. அது வேறு அநியாயம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது இட்லிக் கடை வாதத்துக்கு வருவோம்.

திருச்சி இளைஞரின் வாதம் மனத்துக்கு இதமானது, ஆனால் நிற்காது. ஏழ்மை ஒருவரின் உழைப்புக்குச் சாட்சி சொல்லும். சிறுநீர்ப் புட்டிக்குள் இருப்பதற்குச் சாட்சி சொல்லாது. இதில் பணக்காரர்தான் தவறுவார் என்று எந்த விதியும் இல்லை. இன்னும் பார்த்தால், நம் நாட்டில் ஓட்டப் பந்தயத்தில் ஒரு தேசியப் பதக்கம் என்பது வெறும் உலோகம் அல்ல. ரயில்வே, வருமான வரி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஒரு குடும்பமே கரையேறிவிடும். அரை விநாடிக்கு ஒரு உத்தியோகம் என்ற நிலை இருக்குமிடத்தில் ஆசை காட்டுகிறவன் மைதானத்து ஓரத்திலேயே நிற்பான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், இரண்டாயிரத்துக்கு மேல் மாதிரி சோதித்த நாடுகளில், சிக்கியவர் விகிதம் அதிகமாக இருந்தது இந்தியாவில்தான். அத்தனை பேரும் மாளிகையில் பிறந்தவர்களா என்ன?

திறமை இல்லை என்று சொல்பவரும் தவறுகிறார். 2013-ல் புனேயில் நடந்த ஆசியப் போட்டியில் கோமதி ஏழாவது. 2015-ல் சீனாவின் வூஹானில் நான்காவது. இருபது வயதை ஒட்டித்தான் ஓடவே வந்தவருக்கு இது சாதாரணம் அல்ல. பிறகு தந்தையின் மறைவு, இடுப்புக் காயம், பயிற்சியாளரின் மறைவு என்று அடிமேல் அடி. தோஹாவில் அவர் ஓடிய நேரமும் யாரும் நம்ப முடியாத நேரம் அல்ல. கேரளத்து டின்டு லூகா 2010-ல் ஏற்படுத்திய தேசிய சாதனை 1 நிமிடம் 59.17 விநாடி. அதைவிட மூன்றரை விநாடி மந்தம்தான் கோமதியின் தங்கம்.

அப்படியானால் மருந்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதுவும் இந்த ஓட்டத்தில் நிறையவே. 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. நூறு மீட்டர்க்காரருக்கு வேண்டிய வேகமும் வேண்டும். நெடுந்தூரக்காரருக்கு வேண்டிய மூச்சும் வேண்டும். இரண்டையும் வளர்க்க நாள் தவறாமல் கடும் பயிற்சி செய்தாக வேண்டும். நேற்றைய வலி ஆறுவதற்குள் இன்றைய ஓட்டம். ஸ்டீராய்டு சேர்ந்த உடல் சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே அதிகப் பயிற்சியைத் தாங்கும். பெண்களின் உடலில் ஆண்மைச் சத்து இயற்கையில் மிகக் குறைவு என்பதால் அவர்களிடம் இதன் பலன் பெரிது. கிழக்கு ஜெர்மனி அரசு தன் வீராங்கனைகளுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்துக் கணக்குகள், அந்த நாடு மறைந்த பிறகு வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து ஃப்ராங்கே, பெரெண்டோங்க் தம்பதியர் 1997-ல் எழுதினார்கள்: பெண்கள் 800 மீட்டரில் சில ஆண்டுகளில் கிடைத்த லாபம் ஐந்து முதல் பத்து விநாடி.

தோஹாவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது கால் விநாடி. மருந்து எவ்வளவு கொடுத்தது, கால் எவ்வளவு கொடுத்தது என்று பிரித்து அளக்க உலகில் தராசு கிடையாது. அதனால்தான் விதி அளக்கப் பார்ப்பதே இல்லை. உடலில் இருந்தால் பொறுப்பு ஓடியவருடையது. எப்படி வந்தது என்பதை அவரேதான் நிரூபித்து, தெரியாமல் வந்தது என்று காட்ட வேண்டும், இல்லையேல் நான்காண்டு. கடுமையான விதிதான். ஆனால் அதைத் தளர்த்தினால் அந்தச் சீனப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? அவரும் வியர்வை சிந்தித்தானே ஓடினார்.

லேத்காரர் சொன்ன 'வசதி'தான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. ஆனால் அவர் நினைத்த வசதி அல்ல. விலையுயர்ந்த காலணியும் பாலும் பாதாமும் இரண்டாம் பட்சம்.

2002-ல் கொரியாவின் பூசான் ஆசிய விளையாட்டில் பஞ்சாபின் சுனிதா ராணி 1500 மீட்டரை 4 நிமிடம் 6.03 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 5000 மீட்டரில் வெண்கலம். அவரிடமும் இதே நாண்ட்ரோலோன் என்றார்கள், பதக்கங்களைப் பறித்தார்கள். இந்திய விளையாட்டு அமைப்புகள் விடவில்லை. சோதனைக் கூடத்தின் ஆய்வில் முரண்பாடுகள் வெளிப்பட்டு, 2003-ல் பதக்கங்கள் திரும்ப வந்தன. இரண்டு வழக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவரிடம் சிக்கியவை நான்கு மாதிரிகள். ஆயினும் ஒரு காகிதத்தை எதிர்த்து வாதாட, அதைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும் வக்கீலும் பின்னால் நிற்கும் அமைப்பும் வேண்டும் என்பது சுனிதா ராணியின் கதையில் தெரிகிறது.

சுனிதாவின் அந்த 4.06.03-ஐ 2021-ல் முறியடித்தவர் ஹர்மிலன் பைன்ஸ். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 800, 1500 இரண்டிலும் வெள்ளி. அவர் தாயார் மாதுரி சிங் பூசானில் 800 மீட்டர் வெள்ளி வென்றவர். தந்தையும் ஓட்டக்காரர். இது ஹர்மிலனின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதல்ல. அந்தப் பெண் எதை உண்ணலாம், யாரை நம்பலாம், எந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று கேட்க வீட்டுக்கு வெளியே போகவேண்டியதில்லை. முடிகண்டத்தில் யாரைக் கேட்பது?

இன்னொன்று. பாட்டியாலா மாதிரி மார்ச்சில் எடுக்கப்பட்டது. தோஹா ஓட்டம் ஏப்ரல் கடைசியில். நடுவே ஒரு மாதம் இருந்தது. அந்த முடிவு நேரத்தில் வந்திருந்தால் அவர் விமானம் ஏறியே இருக்க மாட்டார். தங்கம் இல்லை; ஊர்வலம் இல்லை; ஊரறிந்த அவமானமும் இல்லை. தாமதித்தது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு ஏற்பாடு. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி சோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தையே உலக முகமை நிறுத்தி வைத்தது. கோமதிக்குத் தடை நான்காண்டு. தாமதத்துக்கு யாருக்கும் தடை வந்ததாகச் செய்தி இல்லை.

நாம் இதையெல்லாம் சொன்னதும் குமாஸ்தா ஒப்புக்கொண்டார், இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. லேத்காரர் மட்டும் பேசாமல் இருந்தார். பில் வந்த பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. மாநகராட்சி மைதானத்தில் 800 மீட்டர் ஓடுகிறாளாம். மாவட்டப் போட்டி வருகிறது. மைதானத்தில் யாரோ ஒருவர், சத்துக் குறைவு என்று சொல்லி, ஒரு பவுடர் டப்பாவை மலிவு விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மகளே பார்த்து எழுதிக் கொடுத்த தாள் அது.

"சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளா கடைக்காரனைக் கேக்கிறேன், புரதம்கிறான்."

ஜெர்மனியின் கொலோன் நகரச் சோதனைக் கூடம் ஒருமுறை பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்தது. அவற்றில் 94-ல் லேபிளில் எழுதாத ஹார்மோன் பொருட்கள் கலந்திருந்தன. குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதிப் பெயர்கள் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. கடைசி வரி இருந்த இடத்தில் டப்பா நசுங்கியிருந்ததாம். அங்கே அந்தப் பெண் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தாள்.

"டப்பாவை இன்னும் திறக்கலையே?" என்று கேட்டார் குமாஸ்தா.

"இல்ல சார். நாளையிலேர்ந்து குடுக்கலாம்னு."

"குடுக்காதீங்க" என்றோம், மூன்று பேரும் ஒரே குரலில்.