தெருப்பூனையும் மீட்புப் பணியும்

ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட் இயக்கி 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எ ஸ்ட்ரீட் கேட் நேம்ட் பாப்’ என்னும் திரைப்படம், இலண்டன் தெருக்களில் பாடிப் பிழைத்த ஜேம்ஸ் போவன் என்பவரின் வாழ்க்கையைச் சித்திரிக்கிறது. ஹெராயினுக்கு அடிமையாயிருந்த அவர், 2007இல் காயமுற்ற செம்பழுப்புப் பூனையொன்றைக் கண்டு, தம்மிடமிருந்த சொற்பப் பணத்தை அதன் மருந்துக்குச் செலவிட்டார். பூனை அவரைவிட்டு அகலவில்லை. 2012இல் வெளியான அவரது நூலே படத்திற்கு மூலம். அப்பூனையே பல காட்சிகளில் நடித்துமிருக்கிறது.

பூனையின் அன்பு போதையை வென்றது என்று இதனை நாம் சபையில் எடுத்துரைத்தால், அது பாதி உண்மையே. பூனை வருமுன்னரே போவன் மெத்தடோன் என்னும் மாற்று மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் உட்கொண்டு வந்தார். தங்குவதற்கு இடமும் பெற்றிருந்தார். பூனை தந்தது வேறு. தம்மை நம்பி ஓர் உயிர் பசித்திருக்கிறது என்னும் உணர்வைத் தந்தது. முகம் நோக்காது கடந்து சென்றோர், பூனையைக் காண நின்றபோது அவரையும் கண்டனர்.

பின்னர் அவர் மெத்தடோனையும் விடுகிறார். அறைக்குள் அடைந்து துடிக்கும் அக்காட்சி உருக்கமானது. ஆயினும் அதனை நம்மூர்க் குடிநோயாளிக்கு முன்மாதிரியாகக் காட்டுதல் ஆபத்து.

திருத்தணியை எண்ணிப் பார்ப்போம். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இந்நகரில், 365 படிகளேறி முருகனை வழிபடுவோருள் குடியை விடுவதாக நேர்ந்துகொள்வோரும் உண்டு. நம் சபைகளில், உபவாசக் கூட்டத்தில் பொருத்தனை செய்வோரும் அவ்வாறே. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதனையொட்டி நடுக்கமும் மனக்குழப்பமும் கண்டு உயிரே போகலாம். ஆதலின், பொருத்தனை செய்தவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆயரின் கடமை. அது விசுவாசக் குறைவன்று. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், நோயாளியின் குடும்பத்தாரையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்கிறது. சென்னைக்கு இரயில் வசதியுள்ள ஊராதலின், அங்கே அனுப்புவதும் அரிதன்று.

சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு நாம் வழக்கமாகத் தருவது சாட்சி சொல்ல ஒரு மேடை. கைதட்டல் ஓய்ந்தபின் மாலைப்பொழுதில் அவர் என்ன செய்வார்? ஆலயத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல், தனித்திருக்கும் முதியவருக்கு நாள்தோறும் உணவு கொண்டு செல்லுதல், ஓர் ஆட்டுக்குட்டியை வளர்த்தல் ஆகிய பொறுப்புகளுள் ஒன்றையேனும் அவரிடம் ஒப்படைக்கலாம். காணிக்கைப் பெட்டியின் சாவியை மட்டும் உடனே தர வேண்டா. இடையில் அவர் மீண்டும் குடிக்க நேர்ந்தால் மருத்துவரிடம் மறுபடி அழைத்துச் செல்வோம். அந்த ஆட்டுக்குட்டியை அவரிடமிருந்து பறிக்காதிருப்போம்.