முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அக்கா?

பத்தாம் வகுப்பில் தவறிய சேரிப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிகிற வழி இரண்டுதான். ஒன்று டுடோரியல், இன்னொன்று அப்பா அம்மா போகிற வேலை. மூன்றாவதாக ஒரு கதவைத் திறந்தவை சமுதாயக் கல்லூரிகள். 1901-இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. நம் பக்கம் 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் வேர் பிடித்தது. மதிப்பெண்ணைப் பெரிதாகப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, வாழ்க்கைத் திறனும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்து, வேலையிடத்துப் பயிற்சிக்கும் அனுப்புகிறார்கள்.

நம் மாவட்டத்தில் அப்படியொரு கல்லூரியின் பட்டயமளிப்பு விழாவில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்த பெண் ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். கரும்பு வெட்டும் குடும்பம். நோயாளர் பராமரிப்பு படித்து, வார்டு உதவியாளராகச் சேர்ந்து, தனித்தேர்வராகப் பத்தும் பன்னிரண்டும் முடித்து, டயாலிசிஸ் பட்டயமும் பெற்று, இன்று ஒரு மருத்துவமனையில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பெயர் போட வேண்டாம் என்றார். காரணம், நகரத்தில் அவர் குடியிருக்கும் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு இன்னும் அவருடைய தெரு தெரியாது.

அவருக்கு முன் பேசிய பெரியவர்கள், கனவு காணுங்கள் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்ததும், “ஏதாவது கேளுங்க, அதையே பேசறேன்” என்றார். கொஞ்ச நேரம் அமைதி. பின்வரிசைப் பெண் எழுந்து, “முதல் மாசச் சம்பளம் எவ்வளவு, அக்கா?” என்றாள். சிரிப்பு எழுந்தது.

“மூவாயிரம். ஹாஸ்டலுக்கே ரெண்டாயிரம் போச்சு” என்றார் அவர். சிரிப்பு நின்றது.

அடுத்து ஒரு பையன், சாதி பார்ப்பார்களா என்று கேட்டான். மேடையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். அவர் நெளியவில்லை.

“எங்க ஊர்த்தெருவுல இருந்து ஒரு பெரியவர் டயாலிசிஸுக்கு வந்தார். ஊசி குத்தப் போறப்ப எந்த ஊருன்னார், சொன்னேன். எந்தத் தெருன்னார், காலனின்னேன். வேற ஆள் வரட்டும்னார். அன்னைக்கு வேற ஆள் இல்ல. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின் ஓடணும். ஒரு வருஷம் நான்தான் குத்தினேன். மூணாவது மாசம் ‘வந்துட்டியாம்மா’ன்னு கேட்டார். கைதட்டாதீங்க. அவர் வீட்டுப் பக்கம் போனா இன்னைக்கும் திண்ணையில உக்காரச் சொல்ல மாட்டார்.”

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், எந்தத் தெரு என்று கேட்கிறவர் ஆவணத்தைப் பார்த்துக் கேட்பதில்லை.

பிறகு அவர் சொன்னதைத்தான் கல்லூரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். அவரோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பட்டயம் வாங்கவில்லை. பாடம் புரியாமல் போனவர்கள் குறைவு. வேலையிடத்துப் பயிற்சி தொடங்கிய மாதங்களில்தான் நின்றார்கள். அந்த மாதங்களுக்குக் கூலி கிடையாது. பேருந்துக்கும் மதியச் சோற்றுக்கும் கையிலிருந்து போட வேண்டும். அதே மாதங்களில் வீட்டில் கரும்பு வெட்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது 2021-இல்தான் வந்தது. சோற்றுக்கும் இழந்த கூலிக்கும் இன்றும் வழியில்லை. ஜெயித்த ஒருவரை மேடையேற்றுகிற நாம், நின்றுபோன இருபது பேரின் கணக்கை எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைப்பதில்லை.

படிப்பில் சேரும் முன் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது வாரியத்தின் முத்திரை இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்றும் சொன்னார். மேற்படிப்புக்குப் போகும்போது அந்த முத்திரைதான் கேட்கப்படும்.

விழா முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் முதல்வரிடம் தனியாகப் பேசினார். பழைய மாணவர்கள் சிலர் மாதம் ஐந்நூறு ரூபாய் போடத் தயார். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நிர்வாகம் எவ்வளவு போடும்? நிர்வாகக் குழுவில் வைக்கிறேன் என்றார் முதல்வர். எந்தத் தேதியில் என்று கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.